கைக்குழந்தையோடு வேலையில்லாதோர் உதவித்தொகை கேட்கப் போகிறவர்களுக்கு

எங்கள் பக்கத்தில் குழந்தை பிறந்ததும் வேலையை விட்ட பெண்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறோம். கும்பகோணத்தில் கடை வேலைக்குப் போனவர்கள், தஞ்சாவூரில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவர்கள், தனியார் பள்ளியில் டீச்சராக இருந்தவர்கள். அங்கன்வாடியில் பிள்ளையை விட்டுவிட்டுப் போகிற வேலை கிடைத்தால் நாளைக்கே போவோம், ஆனால் காலை ஒன்பதுக்குப் போய் இரவு ஒன்பதுக்குத் திரும்புகிற வேலைக்கு இப்போது போக முடியாது. இப்படி இருக்கிறவர்கள் தமிழ்நாடு அரசு தரும் வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகையைக் கேட்கலாமா, "எனக்குக் குழந்தை இருக்கிறது, முழு நேரம் வர முடியாது" என்பதே தகுதியைக் கெடுத்துவிடுமா என்று பலரும் கேட்கிறார்கள். கெடுக்காது. கெடுப்பது வேறு ஒன்று, அதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

சிங்கப்பூரிலோ லண்டனிலோ இருக்கும் சொந்தக்காரர்கள் சொல்வதைக் கேட்டுக் குழம்பவேண்டாம். சில நாடுகளில் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலைக்குத் தயார், எங்கெல்லாம் வேலை தேடினாய் என்று கணக்குக் காட்டினால்தான் பணம். நம் மாநிலத் திட்டத்தில் மணிக்கணக்கு நிபந்தனை கிடையாது. இங்கே பார்ப்பது நீங்கள் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து வருடம் முடிந்ததா, பதிவு உயிரோடு இருக்கிறதா, வேலையிலோ சொந்தத் தொழிலிலோ இல்லாமல் இருக்கிறீர்களா, குடும்ப வருமானம் வருடத்துக்கு 72,000 ரூபாய்க்குள் இருக்கிறதா, வயது 40-க்குள் (பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 45) இருக்கிறதா என்பதைத்தான். கல்லூரியில் நேரடியாகப் படித்துக்கொண்டிருந்தால் கிடையாது, தொலைதூரக் கல்வி பரவாயில்லை. பொறியியல், மருத்துவம், சட்டம், வேளாண்மை மாதிரியான தொழிற்படிப்புப் பட்டதாரிகளுக்கு இந்தத் திட்டம் பொருந்தாது.

தொகையையும் சொல்லிவிடுகிறேன், பெரிதாக எதிர்பார்த்துப் போய் மனம் உடையக் கூடாது. பத்தாம் வகுப்புத் தவறியவர்களுக்கு மாதம் 200, தேர்ச்சி பெற்றவர்களுக்கு 300, பன்னிரண்டாம் வகுப்புக்கு 400, பட்டதாரிக்கு 600. மூன்று வருடம் வரும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வங்கிக் கணக்கில் ஏறும். பட்டதாரிக்கு மொத்தம் 21,600 ரூபாய். மாற்றுத்திறனாளிகளுக்கு விதி வேறு: பதிந்து ஒரு வருடம் ஆனாலே போதும், வருமான வரம்பு இல்லை, பத்து வருடம் வரை கிடைக்கும், தொகையும் படிப்பைப் பொறுத்து மாதம் 600, 750, 1,000 என்று கூடுதல். வீட்டில் அப்படி யாராவது இருந்தால் முதலில் அவர்களுக்குப் போடுங்கள்.

சரி, கெடுக்கிற விஷயத்துக்கு வருகிறேன். வேலைவாய்ப்புப் பதிவை மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். நான் பி.காம். முடித்த வருடம் அப்பா கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ப் பதிந்து வைத்தார், அப்போது எங்கள் வீடு ஜெயங்கொண்டம் பக்கம். அப்புறம் கல்யாணம், வலங்கைமான் பக்கம் வந்தாயிற்று, பெரியவன் பிறந்தான், கடை வேலை, சின்னவள் பிறந்தாள், புதுப்பிக்கும் மாதம் எது என்றே மறந்துபோயிற்று. தொட்டிலை ஆட்டிக்கொண்டே ஒரு நாள் பழைய கோப்பைப் பிரித்துப் பார்த்தால் புதுப்பிக்க வேண்டிய மாதத்துக்கு இன்னும் பத்து நாள்தான் பாக்கி. என்னோடு படித்த இரண்டு பேருக்கு அது தாண்டிப்போய்விட்டது, அவர்கள் பத்து வருடப் பதிவு மூப்பை இழந்துவிட்டு மறுபடி முதலிலிருந்து எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். தவறவிட்டவர்களுக்காக அரசு எப்போதாவது சிறப்புச் சலுகை அறிவிக்கும், 2021-இல் அப்படி ஒன்று வந்தது. ஆனால் அதை நம்பி இருக்க முடியாது. வேலைவாய்ப்புத் துறை இணையதளத்தில் போனிலேயே புதுப்பித்துவிடலாம், அது முடியவில்லையா, பதிவு அட்டையை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கே போய்விடுங்கள். புதுப்பிக்கும் மாதத்தைக் குழந்தையின் தடுப்பூசி அட்டையில் எழுதி வையுங்கள், நான் அப்படித்தான் செய்திருக்கிறேன், அந்த அட்டையை எந்த அம்மாவும் தொலைக்கமாட்டாள்.

கல்யாணமாகி வேறு மாவட்டத்துக்கு வந்தவர்கள் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். புகுந்த ஊரில் போய்ப் புதிதாகப் பதிந்துவிடாதீர்கள். புதுப் பதிவு என்றால் ஐந்து வருடம் அன்றிலிருந்து தொடங்கும். புது முகவரியுள்ள குடும்ப அட்டையைக் காட்டிப் பழைய பதிவை மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். அப்போதே பெயரையும் சரிபாருங்கள். சான்றிதழில் அப்பா இனிஷியல், ரேஷன் கார்டில் கணவர் பெயர், ஆதாரில் வேறு எழுத்து, பாஸ்புக்கில் இன்னொன்று என்று இருந்தால் கவுன்ட்டரில் நிற்கும்போதுதான் தெரியும், கையில் குழந்தை அழும். ஆதாரையும் பாஸ்புக்கையும் முன்கூட்டியே ஒன்றுபோல ஆக்கிக்கொள்ளுங்கள். இரண்டு வருடமாகப் பணம் போட்டு எடுக்காத கணக்கு என்றால் வங்கியில் முடக்கி வைத்திருப்பார்கள், கேஒய்சி கொடுத்து உயிர்ப்பித்துவிட்டு, அந்தப் பாஸ்புக்கின் முதல் பக்கத்தை நகல் எடுங்கள். கணக்கு உங்கள் பெயரில் இருக்க வேண்டும், கணவர் பெயரில் அல்ல.

விண்ணப்பப் படிவம் இலவசம், அலுவலகத்திலேயே கிடைக்கும், துறையின் இணையதளத்திலும் இருக்கிறது. திருவாரூர், தஞ்சாவூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்று உங்கள் மாவட்டத்து வேலைவாய்ப்பு அலுவலகம் எதுவோ அங்கேதான் கொடுக்க வேண்டும், கும்பகோணத்துக்காரர்களுக்குத் தஞ்சாவூர்தான். படிவத்தை யாரிடமும் காசு கொடுத்து வாங்காதீர்கள், எழுதத் தெரியாவிட்டால் பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பிள்ளையிடம் கேளுங்கள். அசல் சான்றிதழ்கள், மாற்றுச் சான்றிதழ், பதிவு அட்டை, குடும்ப அட்டை, ஆதார், பாஸ்புக் எல்லாம் நகலோடு வேண்டும்.

வருமானம்தான் சிக்கலான இடம். 72,000 என்றால் மாதம் 6,000. வீட்டுக்காரர் விவசாயக் கூலி என்றால் "ஒரு நாளைக்கு எவ்வளவு சம்பளம்" என்று கேட்பார்கள், நாமும் பெருமையாகச் சொல்லிவிடுவோம், அவர்கள் அதை முப்பதால் பெருக்குவார்கள், முடிந்தது. இப்போது நடவுக்கு மிஷின், அறுப்புக்கு மிஷின், வருடத்தில் எத்தனை நாள் உண்மையில் வேலை இருந்தது என்பதைக் கணக்குப் போட்டு எழுதிக்கொண்டு போங்கள். குறுவையில் இத்தனை நாள், சம்பாவில் இத்தனை நாள், மீதி நாள் சும்மா என்று உள்ளது உள்ளபடி. குறைத்துச் சொல்லச் சொல்லவில்லை, இல்லாத கூலியைச் சேர்த்துச் சொல்லாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

வருமானத்துக்கு விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்), ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்) இருவரையும் பார்க்க வேண்டிவரும். டெல்டாவில் எந்த மாதம் போகிறோம் என்பது முக்கியம். நவம்பரில் சம்பா பயிர்க் காப்பீட்டுக்கு அடங்கல் (நிலத்தில் என்ன பயிர் என்று விஏஓ தரும் சான்று) வாங்க ஊரே விஏஓ அலுவலகத்தில் நிற்கும், மழையும் கொட்டும். தை, மாசியில் கொள்முதல் நிலையத்தில் நெல் போட மறுபடி அதே அடங்கலுக்குக் கூட்டம். மே, ஜூனில் ஜமாபந்தி என்று வருடாந்திர வருவாய்க் கணக்குத் தணிக்கை, விஏஓ தாலுகா ஆபீஸில் இருப்பார். உதவித்தொகை விண்ணப்பத்துக்கோ பெரும்பாலும் ஒவ்வொரு காலாண்டிலும் இரண்டாவது மாதக் கடைசி வரைதான் நேரம் தருவார்கள், அதாவது பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஜூலை, ஆகஸ்ட்தான் நமக்குத் தோதான காலம். ஆடிப்பெருக்கு முடிந்த கையோடு விஏஓவைப் பாருங்கள். தாசில்தார் தரும் வருமானச் சான்றிதழ் தனியாக வேண்டும் என்றால் இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டணம்.

மாவட்டத் தலைநகருக்குப் போகிற நாள் முகூர்த்த நாளாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பஸ்ஸில் குழந்தையோடு நிற்கக்கூட இடம் இருக்காது. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, ஆனால் ஊரைப் பொறுத்து இரண்டு பஸ் மாற வேண்டிவரும். பத்து மணிக்கு அங்கே இருந்தால் மதியத்துக்குள் முடியும். அங்கே "இப்போது வேலைக்குப் போகத் தயாரா" என்று யாராவது கேட்டால் பயந்துபோய் "குழந்தை இருக்கிறது, முடியாது" என்று சொல்லாதீர்கள், இல்லாததையும் சொல்லாதீர்கள். "பள்ளி, அங்கன்வாடி நேரத்துக்குள் இருக்கும் வேலை வந்தால் போவேன்" என்பதுதான் உண்மை, அதையே சொல்லுங்கள். வீட்டில் தையல் மிஷின் போட்டுத் தொடர்ந்து வருமானம் பார்க்கிறவர்கள் அதை மறைக்க வேண்டாம், சொந்தத் தொழில் செய்பவர்களுக்கு இது கிடையாது, பின்னால் தெரிந்தால் வாங்கியதைத் திருப்பிக் கட்டுகிற நிலை வேண்டாமே.

சம்பளத்தில் ஈஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்த இடத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. அடல் காப்பீட்டாளர் நலத் திட்டம் என்று 2018 ஜூலையில் தொடங்கினார்கள், அவ்வப்போது நீட்டிக்கிறார்கள், அதனால் இப்போது நடப்பில் இருக்கிறதா என்று ஈஎஸ்ஐ கிளை அலுவலகத்தில் முதலில் கேளுங்கள். வேலை போனவர்களுக்குச் சராசரி தினச் சம்பளத்தில் பாதி, 90 நாள் வரை, வாழ்நாளில் ஒரே ஒரு முறை. தினம் 300 ரூபாய் சம்பளம் என்றால் சுமார் 13,500 வரும். குறைந்தது இரண்டு வருடம் ஈஎஸ்ஐயில் இருந்திருக்க வேண்டும், சந்தா செலுத்திய நாட்களுக்கும் கணக்கு உண்டு, வேலை போய் 30 நாள் கழிந்தபின் கேட்கலாம்.

ஆனால் வேலை தானாகப் போயிருக்க வேண்டும், நாமாக விலகியிருக்கக் கூடாது. எனக்கு அது கிடைக்காமல் போனது இதனால்தான். சின்னவள் பிறந்து திரும்பப் போனபோது மாலை ஆறு மணியோடு அனுப்புங்கள் என்று கேட்டேன், முடியாது என்றார்கள். ஒரு தாளை நீட்டி "சொந்தக் காரணத்தால் விலகுகிறேன்" என்று எழுதச் சொன்னார்கள், கணக்குத் தீர்க்க வேண்டுமே என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்த ஒரு வரியால் எல்லாம் போயிற்று. நீங்கள் அப்படி எழுதாதீர்கள். குறைந்த நேரம் வேண்டும் என்று நீங்கள் கேட்பதைக் கடிதமாகக் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள், வேண்டாம் என்றால் அவர்கள் எழுதித் தரட்டும். 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற இடத்தில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும், ஒரு நாளைக்கு நாலு முறை போய்ப் பார்க்கத் தாய்க்கு அனுமதி உண்டு என்று 2017-இல் சட்டமே திருத்தியிருக்கிறார்கள். அது இருக்கிறதா என்று கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கேளுங்கள்.

உதவித்தொகை வரத் தொடங்கியபின் வருடத்துக்கு ஒருமுறை சுய உறுதிமொழிப் படிவம் கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் பணம் நின்றுவிடும். தொகை வாங்குவதால் வேலைவாய்ப்புப் பதிவு ரத்தாகாது, மூப்பும் அப்படியே இருக்கும். இடையில் வேலை கிடைத்துவிட்டால் அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள். புதுப்பிக்கும் மாதத்தை மட்டும் அப்போதும் பார்த்துக்கொள்ளுங்கள், உதவித்தொகை வருகிறதே என்று இதை விட்டவர்களும் எங்கள் தெருவில் உண்டு.