விளையாட்டு நேரத்தில் பெற்றோர் செய்யும் தவறுகள்

குழந்தை கட்டைகளை அடுக்கத் தொடங்கியதுமே "இது என்ன நிறம்? எத்தனை இருக்கு, எண்ணு பார்ப்போம்" என்று ஆரம்பித்துவிடுகிறோம். கொஞ்ச நேரத்தில் குழந்தை எழுந்து போய்விடும். விளையாட்டைப் பாடவேளையாக்குவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு என்பேன். கோபுரம் சரியும்போதே எது எதைத் தாங்கும் என்று அது கற்றுக்கொள்கிறது. சரியப் போகிறதே என்று கை கொடுத்தால் அந்தப் பாடமும் போச்சு. தரையில் உட்கார்ந்து முதலில் பாருங்கள். குழந்தை ஒரு கட்டையை நீட்டினால் வாங்கி, அது காட்டும் இடத்தில் வையுங்கள். அதை லாரி என்று சொன்னால், லாரிதான்.

அப்போது கைப்பேசி வேறு அறையில் இருக்கட்டும். முழுக் கவனத்தோடு பத்து நிமிடம் விளையாடினால் போதும், குழந்தையின் மனம் எப்படி ஓடுகிறது என்பது உங்களுக்குப் பிடிபட ஆரம்பிக்கும். நாள் முழுவதும் அலுத்துப்போன பெற்றோருக்கும் அந்தச் சிரிப்பு தேவைதான்.

பொம்மைகளை வாங்கிக் குவிப்பதும் உதவாது. அமெரிக்காவின் டொலிடோ பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2018இல் வெளியானது. 16 பொம்மைகளைவிட 4 மட்டும் இருந்தபோது சிறு குழந்தைகள் ஒவ்வொன்றோடும் அதிக நேரம், பல விதமாக விளையாடினார்கள். பாதியை எடுத்து உள்ளே வையுங்கள். பிறகு மாற்றிக் கொடுக்கலாம்.

இரண்டு வயதுக் குழந்தை மற்றவர்களோடு சேராமல் பக்கத்திலேயே தனியாக விளையாடினால் பதற வேண்டாம், "சேர்ந்து விளையாடு" என்று தள்ளவும் வேண்டாம். இது வழக்கமான படிநிலைதான் என்று, குழந்தைகளின் விளையாட்டை ஆராய்ந்த மில்ட்ரெட் பார்ட்டன் 1932இலேயே எழுதிவிட்டார்.

திரையைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2019இல் தெளிவாகவே சொன்னது: இரண்டு வயதுக்குள் வேண்டாம், அதன்பின் நான்கு வயது வரை நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. ஒரு வயதிலிருந்து நான்கு வயது வரை ஓட்டமும் ஆட்டமுமாக நாளைக்கு 180 நிமிடமாவது உடல் அசைய வேண்டும் என்றும் சொல்கிறது.

"சாப்பிடலைன்னா விளையாட விடமாட்டேன்" என்ற மிரட்டல் எனக்கு ஏற்பில்லை. 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை, 31ஆம் பிரிவில், விளையாட்டை உரிமையாகவே வைத்திருக்கிறது. நேரமாகிவிட்டால் திடீரென்று தூக்கிக்கொண்டு வராதீர்கள். "இன்னும் இரண்டு தடவை சறுக்கிட்டுக் கிளம்பலாமா?" என்று முன்கூட்டியே சொல்லுங்கள், சொன்னபடி இரண்டு தடவை விடுங்கள்.