மிளகாய் இலை சுருண்டால், முதலில் எந்தப் பக்கம் என்று பாருங்கள்

மாடித்தோட்டம் போட்டிருப்பவர்கள் என்னிடம் கேட்பதில் பாதி இதுதான்: "மிளகாய் இலை சுருட்டிக்கிச்சு, என்ன அடிக்கலாம்?" அடிப்பது அப்புறம். இலை மேலே மடிந்திருக்கிறதா, கீழேயா? அது தெரியாமல் எதை வாங்கி அடித்தாலும் காசுதான் கரையும்.

ஓரங்கள் மேல்நோக்கி மடிந்து படகு மாதிரி இருந்தால் இலைப்பேன். கொழுந்தை ஒரு வெள்ளைத்தாளுக்கு மேல் பிடித்துத் தட்டிப் பாருங்கள். வெளிர்மஞ்சளாக, மில்லிமீட்டர் நீளம்கூட இல்லாத கீற்றுகள் விழுந்து ஓடும். ஆள் அதுதான். பங்குனி, சித்திரை வறட்சியில் மளமளவென்று பெருகும். லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கூடவே கொஞ்சம் காதி சோப்புக் கரைசல். சோப்பு இல்லாவிட்டால் எண்ணெய் தனியாக மிதந்து, ஒரே இடத்தில் விழுந்து இலையைக் கருக்கிவிடும். வெயில் தாழ்ந்ததும் இலையின் அடிப்பக்கம் நனைய அடியுங்கள், வாரம் ஒருமுறை. சுருண்ட இலை நிமிரவே நிமிராது. அடுத்து வரும் கொழுந்து நேராக இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

ஓரங்கள் கீழ்நோக்கிக் கவிழ்ந்து, காம்பு நீண்டு, இலை ஒடுங்கியிருந்தால் சிலந்திப்பேன். லென்ஸ் இல்லாமல் கண்ணில் படாது. இதற்கு நனையும் கந்தகத்தூள், லிட்டருக்கு 2 கிராம். வேப்பெண்ணெய் அடித்திருந்தால் இரண்டு வாரம் பொறுத்துத்தான் கந்தகம். எங்கள் மதுரை வெயிலில் பகலில் அடித்தால் செடியே கருகிவிடும்.

மூன்றாவது வகைதான் மனசுக்குக் கஷ்டம். இலையெல்லாம் சிறுத்து, நுனியில் கொத்தாகக் கூடி, செடி வளராமல் குட்டையாக நின்றுவிட்டால் அது வைரஸ். வெள்ளை ஈ கொண்டுவந்து விடுவது. மருந்து கிடையாது. "ரெண்டு பூ இருக்கே, பாவம்" என்று விட்டுவைத்தால் பக்கத்துப் பையிலிருக்கும் செடிக்கும் போகும். பிடுங்கிவிடுங்கள். மிச்சமிருக்கும் செடிகளுக்கு நடுவே மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவித் தொங்கவிட்டால் ஈ வந்து ஒட்டும்.

பூ கொட்டுகிறதா? அக்னி நட்சத்திரம் என்றால் பயப்பட வேண்டாம். வெயில் 35 டிகிரியைத் தாண்டினாலே பிஞ்சு பிடிப்பது கஷ்டம். நிழல்வலை கட்டி, காலையில் தண்ணீர் ஊற்றி, காத்திருக்க வேண்டியதுதான். புளித்த மோர் தெளிக்கச் சொல்வார்கள். தெளியுங்கள், கெடுதல் இல்லை. ஆனால் கொதிக்கிற மாடியில் மோர் என்ன செய்துவிடும்? வெயில் இல்லாத மாதத்திலும் கொட்டினால், இலை கரும்பச்சையாகத் தழைத்திருக்கிறதா பாருங்கள். அப்படியென்றால் புண்ணாக்குக் கரைசல் அதிகமாகிவிட்டது, கொஞ்ச நாள் நிறுத்துங்கள்.

மண் ஈரமாக இருந்தும் செடி வாடினால் இன்னும் தண்ணீர் ஊற்றாதீர்கள். பையைச் சாய்த்து அடியில் இருக்கும் ஓட்டையைக் குச்சியால் குத்திப் பாருங்கள், வேர் அடைத்திருக்கும்.