பழைய மியாட்டாவுக்கு செகண்ட் ஹேண்ட் ஸ்வே பார் மாத்துறது எப்படி?

1989ல மாஸ்டா இறக்குன முதல் தலைமுறை மியாட்டா, அதாவது எம்எக்ஸ்-5, வளைவுல நல்லா திரும்பும், ஆனா திரும்பும்போது பாடி ஒரு பக்கமா சாயும். அதைக் குறைக்க கோயிலோவர் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேந்த செட்) அது இதுன்னு பெரிய செலவுக்குப் போறதுக்கு முன்னாடி அமெரிக்காவுல நிறைய பேர் பண்றது, இதே காரோட அடுத்த தலைமுறையான என்பி மாடல்ல இருந்து தடிமனான முன் ஸ்வே பாரைக் கழட்டி இதுல மாட்டுறது தான்.

ஸ்வே பார்ங்கிறது ரெண்டு பக்க வீலையும் இணைக்குற ஒரு வளைஞ்ச ஸ்பிரிங் ஸ்டீல் கம்பி, அவ்வளவுதான். ரெண்டு வீலும் ஒண்ணா ஏறி இறங்குனா அது சும்மா சுத்தும், ஒரு வீல் மட்டும் ஏறுனா முறுக்கிக்கும், அந்த முறுக்கு தான் சாயவிடாம பிடிக்குது. தடிமன் கொஞ்சம் கூடினாலே விறைப்பு எகிறிடும், ஏன்னா கணக்கு விட்டத்தோட நாலாவது அடுக்குல போகுது. 19 மில்லிமீட்டர் பாரை எடுத்துட்டு அதே வடிவத்துல 22 போட்டா விறைப்பு கிட்டத்தட்ட 80 சதவீதம் கூடுது, வெறும் 3 மில்லிமீட்டருக்கு!

முன்னாடியா பின்னாடியா? முதல்ல முன்னாடி மட்டும் மாத்துங்க. முன் பார் விறைச்சா கார் கொஞ்சம் அண்டர்ஸ்டியர் பக்கம் போகும், அதாவது ஸ்டியரிங் திருப்புன அளவுக்கு திரும்பாம வெளிப்பக்கமா போகும், அது புதுசா ஓட்டுறவங்களுக்கு பயமில்லாத விஷயம். பின் பார மட்டும் தடிமனாக்குனா ஈரமான ரோட்டுல பின்னாடி சட்டுனு வழுக்கும், பின் வீல் டிரைவ் காருல இத விளையாட்டா எடுத்துக்காதீங்க.

இப்போ ஜங்க்யார்ட், அதாவது பழைய கார்களோட பார்ட்ஸ் விக்கிற இடம். நீங்களே டூல்ஸ் கொண்டுபோய் கழட்டிக்கிற யார்டுல கார் எல்லாம் ஸ்டாண்டு மேல ஏத்தி வெச்சிருப்பாங்க, ஆனாலும் அடியில போறதுக்கு முன்னாடி ஒருதடவை ஆட்டிப் பாத்துட்டு போங்க. கையில தடிமன் அளக்குற வர்னியர் கேலிப்பர் கண்டிப்பா இருக்கணும், ஏன்னா வருஷத்துக்கு வருஷம், பேக்கேஜுக்கு பேக்கேஜ் தடிமன் மாறும், அதனால விக்கிறவர் சொல்றத நம்பாம அளந்து வாங்குங்க, அளக்கும்போது பெயிண்டும் துருவும் இல்லாத இடமா பாத்து அளங்க. பாரோட சேத்து பிராக்கெட் (பாரை காரோட பாடில பிடிச்சு வைக்கிற கிளாம்ப்), எண்ட் லிங்க் (பார் முனைய சஸ்பென்ஷனோட இணைக்குற சின்ன கம்பி) எல்லாத்தையும் எடுத்துடுங்க, ரெண்டு தலைமுறைக்கும் சின்னச் சின்ன வித்தியாசம் இருக்கலாம், அப்புறம் தனியா தேடி அலைய முடியாது. எது இடது பக்கம்னு மார்க்கர்ல எழுதி வெச்சுக்கோங்க.

பழைய பார் வாங்குறதுல பயப்பட ஒண்ணும் இல்ல, கம்பி லேசுல தேயாது, தேயுறது பிராக்கெட்டுக்குள்ள பாரைச் சுத்தி இருக்குற ரப்பர் புஷ்ஷும் எண்ட் லிங்கோட பால் ஜாயிண்டும் தான். பாரை சமமான தரையில வைங்க, ரெண்டு முனையும் ஒரே மாதிரி உக்காரணும், ஒரு முனை தூக்கிட்டு நின்னா எங்கயோ இடிபட்டு வளைஞ்சிருக்குன்னு அர்த்தம், விட்டுடுங்க. மேலாக்க துரு இருந்தா கம்பி பிரஷ் போட்டு பெயிண்ட் அடிச்சா போதும். ஆனா வளைவுகள்ல குழிகுழியா அரிச்சிருந்தா வேணாம், அங்கதான் விரிசல் ஆரம்பிக்கும். உப்பு தூவுற பனி ஊர் கார்கள்ல இது சகஜம். பாரை சூடு காட்டி நிமித்துறேன், வெல்டிங் வைக்கிறேன்னு யாராவது சொன்னா கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க.

பாருல மிச்சம் பிடிச்ச காசுல புது புஷ் வாங்குங்க. புஷ்ஷோட உள் விட்டம் புது பாரோட தடிமனுக்கு பொருந்தணும், 19க்கு வந்த புஷ்ஷ 22 மேல திணிக்கக் கூடாது. பாலியூரித்தேன் புஷ்னா உள்பக்கம் சிலிக்கான் கிரீஸ் தடவுங்க, இல்லேன்னா கிறீச் கிறீச்னு கத்தி உயிர எடுத்துடும்.

வீட்டுக்கு வந்தாச்சு. முந்தின நாளே எல்லா போல்ட்டுக்கும் துருவ இளக்குற பெனட்ரேட்டிங் ஆயில் அடிச்சு ஊறவிடுங்க. வீல் நட்ட தரையிலயே லூஸ் பண்ணிட்டு, முன் கிராஸ்மெம்பர் (முன் வீலுக்கு நடுவுல குறுக்கா போற கனமான இரும்புச் சட்டம்) நடுவுல ஜாக் போட்டுத் தூக்கி ரெண்டு பக்கமும் ஜாக் ஸ்டாண்ட் வைங்க, வெறும் ஜாக்க நம்பி அடியில படுக்கவே படுக்காதீங்க. ரெண்டு முன் வீலும் ஒரே உயரத்துல தொங்கணும், ஒரு பக்கம் மட்டும் தூக்குனா பார் முறுக்கிக்கிட்டு இருக்கும், எண்ட் லிங்க் போல்ட் வெளிய வராது, வந்தாலும் தெறிச்சு வரும்.

அடி பிளாஸ்டிக் கவரைக் கழட்டுங்க. அப்புறம் எண்ட் லிங்க். நட்டோட சேந்து உள்ள இருக்கிற ஸ்டட்டும் சுத்துச்சுன்னா, ஸ்டட்ட ஆலன் கீயோ ஸ்பானரோ வெச்சுப் பிடிச்சுக்கிட்டு நட்ட திருப்புங்க. அதுக்கப்புறம் ரெண்டு பிராக்கெட்டையும் எடுத்தா பார் கையில வந்துடும், வெயிட்டு இருக்கும், மூஞ்சி மேல போட்டுக்காதீங்க.

பிராக்கெட் உக்காந்திருந்த தகட்ட இப்பவே துடைச்சு டார்ச் அடிச்சுப் பாருங்க. ரொம்ப தடிமனான ஆஃப்டர்மார்க்கெட் (வேற கம்பெனி செஞ்சு விக்கிற) பார் போட்டு கடுமையா ஓட்டுனா முதல் தலைமுறை மியாட்டாவுல இந்த இடம் கிழியுறது உண்டு, அதுக்குன்னே அந்த இடத்த பலப்படுத்துற ரீஇன்ஃபோர்ஸ்மெண்ட் பிராக்கெட் விக்கிறாங்க. 22க்கு பெரும்பாலும் தேவைப்படாது, ஆனா ஏற்கனவே விரிசல் இருந்தா அத சரி பண்ணாம மேல போகாதீங்க.

மாட்டும்போது எல்லா போல்ட்டையும் முதல்ல கையால மட்டும் முடுக்குங்க. பார் நடுவுல இருக்கான்னு ரெண்டு பக்கமும் டேப்ல அளந்து பாத்துட்டு, எண்ட் லிங்க் மாட்டி, வீல போட்டு, கார ராம்ப் மேல ஏத்தி நிறுத்தி, வெயிட் சஸ்பென்ஷன் மேல இருக்கும்போது சர்வீஸ் மேனுவல்ல இருக்குற டார்க்குக்கு (torque, முடுக்குற விசை அளவு) டார்க் ரெஞ்ச் வெச்சு முடுக்குங்க. ஸ்டியரிங்க ஒரு கோடில இருந்து மறு கோடி வரைக்கும் திருப்பி, டை ராடு (ஸ்டியரிங்க வீலோட இணைக்குற கம்பி), பிரேக் ஹோஸ் எதுவும் பார்ல உரசலன்னு பாருங்க.

முதல் ஓட்டம் காலியான ரோட்டுல மெதுவா. சின்ன மேடு பள்ளத்துல டொக் டொக்னு சத்தம் வந்தா அநேகமா எண்ட் லிங்க் லூஸு, இல்லேன்னா புஷ் சைஸ் தப்பு. ஒரு வாரம் ஓட்டுனதும் திரும்ப டார்க் ரெஞ்ச் போட்டுப் பாருங்க. ஆட்டோகிராஸ் போட்டிக்கும் (கோன் வெச்ச வளைவான பாதையில தனித்தனியா நேரம் பாத்து ஓட்டுற போட்டி) போறவங்கன்னா பின் பார்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி உங்க கார் ஓடுற கிளாஸோட (போட்டிப் பிரிவோட) ரூல்ஸ ஒருதடவை படிச்சுடுங்க, சில கிளாஸ்ல முன், பின் ரெண்டுல ஒரு பார் மட்டும் தான் மாத்த விடுவாங்க.