ஆஸ்பிரினும் என் வயிற்றெரிச்சலும்

இதய இரத்தக்குழாய் அடைபடாமல் இருக்க ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாய் வைத்த பிறகு தினமும் 75 மில்லிகிராம் ஆஸ்பிரின். சில வாரங்களில் நெஞ்சுக்குக் கீழே எரிச்சல் ஆரம்பித்தது. இரத்தத் தட்டணுக்கள் ஒட்டாமல் தடுக்கும் இதே மாத்திரை, இரைப்பையின் உள்சுவரைக் காக்கும் சுரப்பையும் குறைத்துவிடும் என்று டாக்டர் விளக்கினார். மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது. ஸ்டென்டில் இரத்தம் உறைந்துவிடலாம்.

அதனால் மாற்றியது சாப்பாட்டைத்தான். வெறும் வயிற்றில் காபி இல்லை. ஊறுகாய், மிளகாய்ப்பொடி, ராத்திரி பத்து மணிக்கு பரோட்டா, எல்லாவற்றையும் ஓரங்கட்டினேன். சாப்பிட்ட பிறகே மாத்திரை, அதையும் உடைக்காமல் முழுதாக. குடலில் கரையும்படி மேல்பூச்சு போட்டது அது. அமிலத்தைத் தணிக்கும் ஜெலுசிலையும் அதோடு சேர்த்துக் குடிப்பதில்லை, பூச்சு வயிற்றிலேயே கரைந்துவிடும். டாக்டர் கொஞ்ச நாளுக்கு, அமிலச் சுரப்பைக் குறைக்கும் பான்டோபிரசோலும் கொடுத்தார். எரிச்சல் அடங்கியது.

கீரை சாப்பிடாதே என்று பக்கத்து வீட்டு மாமா சொல்லிக்கொண்டே இருந்தார். கீரையில் கவனம் வேண்டியது வார்ஃபரின் என்ற வேறொரு இரத்த உறைவுத் தடுப்பு மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு; ஆஸ்பிரினுக்கு அந்தப் பயம் இல்லை. முருங்கைக்கீரை தாராளமாக நடக்கிறது. ரசத்தில் போடும் பூண்டு, இஞ்சியும் அப்படித்தான். பூண்டு மாத்திரை, மீன் எண்ணெய் கேப்சூல் வேறு விஷயம், கேட்டுவிட்டுத்தான். மது வேண்டவே வேண்டாம், இரத்தக்கசிவு அபாயம் கூடும். மூட்டுவலிக்குக் கடையில் ஐபுபுரூஃபன் வாங்கிப் போடுவதும் கிடையாது. மலம் தார் மாதிரி கறுத்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.