வரைபடம் முதலில், கேள்வி பிறகு: மலை வளாகங்கள் திட்டம் போடும்போது செய்யும் தவறுகள்

ஊட்டி, கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் ஒரு பல்கலைக்கழகமோ கல்லூரியோ அடுத்த இருபது வருடத்துக்கு வளாகத் திட்டம் போடுகிறது என்றால், வழக்கமாக நடப்பது இதுதான். ஆர்க்கிடெக்ட் ஏப்ரலில் மலையேறி வருவார். மூன்று மாதத்தில் வண்ணப் படங்கள் தயாராகும். பிறகு செமினார் ஹாலில் 'கருத்துக் கேட்புக் கூட்டம்'. பவர்பாயிண்ட் ஓடும், டீயும் சமோசாவும் வரும், வருகைப் பதிவில் எல்லோரும் கையெழுத்துப் போடுவார்கள். பல்கலைக்கழகத்தின் நிர்வாகக் குழுவான சிண்டிகேட்டுக்குப் போகும் கோப்பில் 'அனைத்துத் தரப்பினரின் கருத்தும் பெறப்பட்டது' என்று ஒரு வரி ஏறிவிடும்.

மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாகப் பிரித்துக் காட்டியவர் அமெரிக்காவின் ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன். அது 1969-ல். அடியில் உள்ள இரண்டு படிகளைப் பங்கேற்பு என்றே அவர் ஒப்புக்கொள்ளவில்லை. மேலே சொன்ன கூட்டம் அந்த இரண்டு படிகளைத் தாண்டாது. சமவெளியில் இப்படிச் செய்தால் ஆட்கள் முணுமுணுப்பார்கள், அதோடு போகும். மலையில் தண்ணீர் எங்கே இறங்கும், மண் எங்கே நகரும் என்பதையெல்லாம் கேட்காமல் விட்டால் கட்டடமே பதில் சொல்ல வேண்டிவரும்.

எதெல்லாம் முடிந்துபோன விஷயம் என்று சொல்லாமல் விடுவது

'உங்கள் கனவு வளாகத்தை வரையுங்கள்' என்று மாணவர்களிடம் தாளைக் கொடுப்பது பார்க்க நன்றாக இருக்கும். அவர்கள் ஐந்து மாடி ஹாஸ்டல் வரைவார்கள். நீலகிரியில் கட்டட உயரம் பொதுவாக 7 மீட்டரைத் தாண்டக் கூடாது, அதாவது தரைத்தளமும் அதற்கு மேல் ஒரு மாடியும்தான் என்று அவர்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். வரைந்ததெல்லாம் குப்பைக்குப் போனதும், அடுத்த கூட்டத்துக்குப் பாதிப் பேர் வர மாட்டார்கள்.

முதல் கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே ஒரு பக்கத் தாள் கொடுங்கள், தமிழில். உயர வரம்பு அதில் இருக்கட்டும். வளாகம் எந்தக் கிராமத்தில் வருகிறது, அந்தக் கிராமம் 1990-ல் அமைக்கப்பட்ட மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் பட்டியலில் இருக்கிறதா என்பது இருக்கட்டும். இருந்தால் வனத்துறை, வேளாண் பொறியியல் துறை, புவியியல் மற்றும் சுரங்கத் துறை ஆகியவற்றின் கருத்தும் வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் ஆகும். 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி, சொந்த நிலத்து மரமானாலும் அனுமதியில்லாமல் வெட்ட முடியாது. இதையெல்லாம் எழுதிவிட்டு, அதன் கீழே 'இன்னும் முடிவாகாதவை' என்று ஒரு பட்டியல் போடுங்கள். அந்தப் பட்டியலில் ஒன்றுமே இல்லை என்றால் கூட்டம் போட வேண்டாம். சுற்றறிக்கை போதும்.

வரம்பைச் சொன்னால் ஆர்வம் போய்விடும் என்று நிர்வாகம் பயப்படுகிறது. ஆனால் வரம்பு தெரிந்த பிறகுதான் பேச்சு கூர்மையாகும். ஒரு கணக்குப் பாருங்கள். 120 அறை ஹாஸ்டல், அறைக்கு 12 சதுர மீட்டர் என்றால் 1,440. வராந்தா, கழிப்பறை, படிக்கட்டுக்கு இன்னும் நாற்பது சதவீதம் சேர்த்தால் ஏறக்குறைய 2,000 சதுர மீட்டர். இரண்டே தளம் என்பதால் தரையில் 1,000 சதுர மீட்டர் அடைக்கும். கட்டடத்தின் அகலம் 12 மீட்டர் என்றால் நீளம் 83 மீட்டர். 20 டிகிரி சரிவில் அந்த 12 மீட்டர் அகலத்துக்குள்ளேயே மேல் ஓரத்துக்கும் கீழ் ஓரத்துக்கும் 4.4 மீட்டர் உயர வித்தியாசம் வந்துவிடும். சரிவை ஒரே மட்டமாக வெட்டினால் ஒரு மாடி உயரத்துக்கும் மேலாக மண்சுவர் நிற்கும்.

இதைத் தாளில் சொன்னால் யாருக்கும் உறைக்காது. மூங்கில் கம்பும் கயிறும் எடுத்துக்கொண்டு அந்த இடத்துக்கே போய், 83-க்கு 12 என்று முழு அளவில் கட்டிக் காட்டுங்கள். நான்கு மூலையிலும் கம்பில் 7 மீட்டர் உயரத்தில் சிவப்பு ரிப்பன். அரை நாள் வேலை. ஒரே நீளக் கட்டடமா, சரிவோடு படிப்படியாக இறங்கும் மூன்று சிறு கட்டடங்களா என்ற விவாதம் அங்கேயே, கயிற்றைப் பிடித்துக்கொண்டே தொடங்கும்.

காண்டூர் கோடுகளை (சம உயரக் கோடுகளை) எல்லோரும் படிப்பார்கள் என்று நினைப்பது

சம உயரக் கோடுகள் போட்ட படத்தைச் சுவரில் ஒட்டினால், சிவில் இன்ஜினியரும் புவியியல் ஆசிரியரும் பேசுவார்கள். மற்றவர்கள் தலையாட்டுவார்கள். நிலத்தின் அட்டை மாதிரி ஒன்றைச் செய்யுங்கள். 1:500 அளவில் நிலத்தின் 1 மீட்டர், மாதிரியில் 2 மில்லிமீட்டர். 2 மில்லிமீட்டர் தடிமன் அட்டையை ஒவ்வொரு கோட்டின்படியும் வெட்டி அடுக்கினால் மலை தானாக எழும்பிவிடும். 400-க்கு 300 மீட்டர் வளாகம் 80-க்கு 60 சென்டிமீட்டரில் அடங்கும், ஒரு டைனிங் டேபிள் போதும். 60 மீட்டர் ஏற்ற இறக்கம் இருந்தால் 60 அடுக்கு, 12 சென்டிமீட்டர் உயரம். அடுக்குகளைப் பசை போட்டு ஒட்டுவதற்கு முன் எண் எழுதிவிடுங்கள், இல்லையென்றால் நாற்பதாவது அடுக்கில் தடுமாறிப் போவீர்கள்.

மாதிரிக்கு அடிப்படையான அளவீட்டிலும் ஒரு பொறி இருக்கிறது. டிரோன் எடுத்த படத்திலிருந்து கோடு போட்டால், சோலையும் சீகை (வாட்டில்) மரமும் அடர்ந்த இடத்தில் அது மர உச்சியைத்தான் அளந்திருக்கும், தரையை அல்ல. அந்தப் பகுதிகளில் டோட்டல் ஸ்டேஷன் என்ற நில அளவைக் கருவி வைத்து ஆள் நடந்து அளந்தாரா என்று கேட்டுவிடுங்கள்.

சக்கர நாற்காலிப் பாதையின் விஷயமும் மாதிரியில்தான் புலப்படும். சாய்தளம் 1:12-க்கு மேல் செங்குத்தாகக் கூடாது. இரண்டு கட்டடங்களுக்கு நடுவே 3 மீட்டர் உயர வித்தியாசம் என்றால் 36 மீட்டர் சாய்தளம், இடையிடையே தட்டையான ஓய்வுத் தளங்கள் வேறு. 'கடைசியில் ஒரு ராம்ப் போட்டுக்கலாம்' என்பது மலையில் நடக்காத காரியம்.

வெயில் காலத்தில் மட்டும் கேட்பது

ஏப்ரல், மே மாதங்களில் திறந்தவெளி அரங்கம் வேண்டும் என்று எல்லோரும் கை தூக்குவார்கள். ஊட்டிக்கு மேற்கே ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானலுக்குக் கனமழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில். 2009 நவம்பரில் கேத்தியில் 24 மணி நேரத்தில் 820 மில்லிமீட்டர் பெய்தது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 900 மில்லிமீட்டருக்கு மேல். இரண்டும் நீலகிரி மாவட்டம்தான், ஆனால் வேறு வேறு பருவம். ஆகவே உங்கள் வளாகத்துக்கு எந்த மழை பெரிது என்று பார்த்து, அந்த மாதத்தில் குடையோடு ஒரு நடை வையுங்கள். எட்டுப் பேர், ஒன்றரை மணி நேரம், கையில் ஒரு வரைபடம். தண்ணீர் பாதையைக் கடக்கும் இடம், தடுப்புச் சுவரின் துளையில் தண்ணீர் வராமல் சுவர் வயிறு தள்ளி நிற்கும் இடம், படியில் பாசி பிடித்த இடம் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். துளை அடைத்துப்போன சுவருக்குப் பின்னால் தேங்கும் தண்ணீரின் அழுத்தம்தான் பல சுவர்களைச் சாய்க்கிறது.

மார்கழியில் இன்னொரு நடை, அதிகாலை ஆறரை மணிக்கு. ஊட்டியில் உறைபனி பள்ளத்தில்தான் படியும், குளிர்ந்த காற்று கீழே இறங்கித் தேங்குவதால். நாற்று நட என்று ஒதுக்கிய இடம் வெள்ளையாகிக் கிடந்தால், அங்கே இளஞ்செடி பிழைக்காது.

சம்பளம் குறைந்தவரை விட்டுவிடுவது

எங்கள் பார்வையில் இதுதான் மிகப் பெரிய தவறு. முதுகலை மாணவி இரண்டு வருடத்தில் போய்விடுவார். துணைவேந்தரின் பதவிக்காலமும் சில வருடங்கள்தான். தோட்டத்தில் வேலை பார்க்கிற அம்மா முப்பது வருடமாக அதே சரிவில் நடக்கிறார். காட்டுமாடு எந்த வழியாக இறங்கும், எந்த மேட்டில் மழை நாளில் மண் இளகும், பழைய பைப் எங்கே புதைந்திருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். இரவுக் காவலர் அண்ணனுக்குக் கரடி வரும் நேரம்கூடத் தெரியும். காட்டுமாடு போகும் தடத்தின் குறுக்கே வேலி போட்டால் அது காட்டுக்குத் திரும்பிப் போகாது, சுற்றி வந்து மெயின் கேட் ரோட்டில் நிற்கும்.

இவர்களை விட்டுவிடுவதற்கு யாரும் சதி செய்வதில்லை. ஆங்கிலத்தில் ஒரு கூகுள் ஃபார்ம் போனாலே போதும், விட்டுப்போய்விடும். மாலை நாலரைக்குக் கூட்டம் வைத்தாலும் அப்படித்தான். ஹட்டிக்கு (படுகர் கிராமத்துக்கு) போகும் பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது என்று தெரியாதவர் கூட்டத்தில் உட்கார மாட்டார். வேலை நேரத்துக்குள், காலை 11 மணிக்கு வையுங்கள். ஒப்பந்தத் தொழிலாளருக்கு அந்த இரண்டு மணி நேரக் கூலி பிடிக்கப்படாது என்று எழுத்தில் கொடுங்கள். மேற்பார்வையாளர் அதே அறையில் இருக்க வேண்டாம். தமிழிலோ படுகர் மொழியிலோ வாயால் சொல்வதை ஒருவர் எழுதிக்கொள்ளட்டும்.

பக்கத்து ஊர்க்காரர்களும் இதில் சேர்த்திதான். வளாகத்தின் குறுக்கே ஊற்றுக்கோ கோயிலுக்கோ போகும் ஒற்றையடிப் பாதை பல இடங்களில் வளாகத்தை விடப் பழையது. காம்பவுண்ட் சுவர் கட்டிய பிறகு கேட்டால் சண்டைதான் மிஞ்சும்.

இன்னொன்று. படத்தில் 'காலி இடம்' என்று போட்ட சமதளத்தை நம்பாதீர்கள். மலையில் கட்டடம் இல்லாமல் விட்டுவைத்த சமதளம் பல நேரம் சதுப்பு. மழையை உறிஞ்சி வைத்துக் கோடையில் ஊற்றுக்கு விடுகிற பஞ்சு அது. மண்ணைக் கொட்டி மைதானமாக்கினால் இரண்டு வருடத்தில் மைதானமும் வழுக்கும், கீழே உள்ள கிணறும் வற்றும்.

ஆசையைக் கேட்பது, பழக்கத்தைக் கேட்காதது

'புதிய நூலகம் வேண்டுமா?' என்று கேட்டால் யார் வேண்டாம் என்பார்? அந்தப் பதில் எதற்கும் உதவாது. 'நேற்று பத்து மணிக்கு எங்கே இருந்தீர்கள், ஒரு மணிக்கு எங்கே சாப்பிட்டீர்கள், எந்த வழியாகப் போனீர்கள், எங்கே நனைந்தீர்கள்?' என்று கேளுங்கள். கூடவே அறைகளை எண்ணுங்கள். 30 வகுப்பறை, நாளைக்கு 7 மணி நேரம், வாரம் 5 நாள் என்றால் மொத்தம் 1,050 வகுப்பறை மணி நேரம். ஒரு வாரம் மாணவர்களே மணிக்கு மணி போய்ப் பார்த்து எழுதட்டும். 480 மட்டும் நிரம்பியிருந்தால் பயன்பாடு 46 சதவீதம்தான். அப்போது புதுக் கட்டடத்தைப் பற்றிய பேச்சு கால அட்டவணையைப் பற்றிய பேச்சாக மாறும். நிர்வாகத்துக்கு இது பிடிக்காமல் போகலாம், அரசு மானியம் பெரும்பாலும் கட்டடத்துக்குத்தான் வருகிறது.

துணைவேந்தர் மேடையில் உட்கார்ந்து நாற்பது நிமிடம் பேசும் கூட்டத்தில் மாணவர் வாய் திறக்க மாட்டார். மேசைக்கு எட்டு முதல் பத்துப் பேர், நடத்த ஒருவர், எழுத ஒருவர். மேலதிகாரிகள் கடைசி அரை மணி நேரம் வந்து கேட்டுக்கொண்டால் போதும்.

பதில் சொல்லாமல் விடுவது

ஒவ்வொரு கருத்துக்கும் எண் கொடுங்கள், அட்டை மாதிரியில் அந்த எண்ணை அந்த இடத்திலேயே குத்துங்கள். மூன்று வாரத்துக்குள் ஓர் அட்டவணை: எண், இடம், சொன்னது, ஏற்றோமா, மாற்றி ஏற்றோமா, மறுத்தோமா, ஏன். 'பரிசீலிக்கப்படும்' என்ற சொல்லை அதில் எழுதக் கூடாது. மறுத்ததற்குக் காரணம் எழுதினால் ஆட்கள் ஏற்றுக்கொள்வார்கள். காரணமே இல்லாத மௌனத்தை ஏற்றுக்கொள்ள மாட்டார்கள்.

வந்தவற்றில் சிறிதாக ஐந்து வேலைகளை எடுத்து அதே செமஸ்டரில் முடித்துவிடுங்கள்: வழுக்கும் படிக்கு ஒரு கைப்பிடி, ஹாஸ்டல் வழியில் இரண்டு விளக்கு, அடைத்த வடிகால். பெரிய திட்டம் அனுமதிக்காகக் காத்திருக்கும் வருடங்களில் மாணவரும் ஊழியரும் சேர்ந்த திட்டக் குழுவை உயிரோடு வைத்திருப்பது இவைதான். குழுவில் மாணவர் பாதிப் பேராவது முதலாமாண்டாக இருக்கட்டும், போகிறவர் ஜூனில் அடுத்தவரிடம் கோப்பைக் கொடுத்துவிட்டுப் போகட்டும். அந்த அட்டை மாதிரியை ஸ்டோர் ரூமில் போடாதீர்கள், ஒரே மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்துவிடும். நூலக வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, குத்திய எண்களையும் அப்படியே விட்டுவையுங்கள்.