‘டேபிள்’ என்றால் தாக்கலா, கிடப்பா?

ஆங்கிலச் செய்தியில் ஒரு தீர்மானத்தை ‘டேபிள்’ செய்தார்கள் என்று வந்தால், முதலில் அது எந்த ஊர்ச் செய்தி என்று பாருங்கள். லண்டன், டெல்லி என்றால் அவையில் வைத்தார்கள். வாஷிங்டன் என்றால் கிடப்பில் போட்டார்கள். நேர் எதிர்! பிரிட்டனில் மேசைக்கு வந்த தாள் விவாதத்துக்கு வந்த தாள். அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையிலோ ‘லே ஆன் தி டேபிள்’ (மேசையில் வை) என்ற முன்மொழிவு நிறைவேறினால் விஷயம் அநேகமாக அதோடு சரி. இரண்டாம் உலகப் போரின்போது இரு நாட்டு அதிகாரிகளும் இந்த ஒரு சொல்லால் நெடுநேரம் மல்லுக்கு நின்றதைச் சர்ச்சிலே எழுதியிருக்கிறார். அமெரிக்கருக்கு மெயில் போடும்போது இந்தச் சொல்லைத் தொடாமலிருப்பதே உத்தமம். ‘ஆன் தி டேபிள்’ என்று மட்டும் வந்தால் இந்தக் கவலை வேண்டாம். அங்கேயும் அது பரிசீலனையில் இருக்கிறது என்றுதான் பொருள்.