சட்டர்டே நைட் லைவ் எபிசோட் ஒன்றுக்கு விமர்சனம் எழுதுவது எப்படி? மட்டக்களப்பிலிருந்து பார்ப்பவர்களுக்கு

சட்டர்டே நைட் லைவ் என்ற அமெரிக்க நேரடி நகைச்சுவைத் தொலைக்காட்சி நிகழ்ச்சி நியூயோர்க்கில் சனிக்கிழமை இரவு 11.30க்குத் தொடங்கும்போது நமக்கு ஞாயிறு காலை 9 மணி. நவம்பர் தொடக்கத்தில் அமெரிக்காவில் மணிக்கூட்டைப் பின்னுக்கு வைத்துவிடுவார்கள், அதன்பிறகு மார்ச் வரைக்கும் 10 மணி. அங்கே பார்க்கிறவன் அரைத்தூக்கத்தில் ஒரு மணி வரை முழித்திருந்து பார்க்கிறான். நாம் தேத்தண்ணி குடித்துவிட்டுத் தெளிந்த தலையோடு பார்க்கலாம். விமர்சனம் எழுத நினைக்கிறவருக்கு இது நல்ல வசதி, விட்டுவிடாதீர்கள்.

முதலில் அந்த வாரம் புது எபிசோட் இருக்கிறதா என்று பாருங்கள். ஒக்டோபர் அளவில் தொடங்கி மே வரை போகிற ஒரு சீசனுக்கு இருபது எபிசோட் அளவில்தான் வரும், மற்ற சனிக்கிழமைகளில் பழையதையே மறுபடி போடுவார்கள். அப்புறம், முடிந்தவரை முழு எபிசோடையும் பாருங்கள். யூடியூப்பில் துண்டு துண்டாக வருவதை மட்டும் பார்த்து எழுதுவதாக இருந்தால் அதைக் கட்டுரையின் முதல் பந்தியிலேயே சொல்லிவிடுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆனால் நாலு துண்டைப் பார்த்துவிட்டு 'இந்த வார எபிசோட் படுமோசம்' என்று எழுதுவது வாசிக்கிறவரை ஏமாற்றுகிற வேலை.

முழுதாகப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்த நிகழ்ச்சியில் எது எதற்குப் பிறகு வருகிறது என்பதே ஒரு செய்தி. பெரும்பாலும் அரசியலை வைத்து ஒரு தொடக்க ஸ்கெட்ச், அதாவது சிறு நகைச்சுவை நாடகம், அது முடியும்போது 'லைவ் ஃப்ரொம் நியூயோர்க்' என்ற கூவல், பிறகு அந்த வாரத்துக்கு விருந்தினராக வந்து நிகழ்ச்சியை நடத்துகிற பிரபலமான ஹோஸ்ட் தனியாக வந்து பேசுவது, பிறகு ஸ்கெட்சுகள், விருந்தினராக வருகிற பாடகரின் பாட்டு, நடுவில் 'வீக்கெண்ட் அப்டேட்' என்ற கேலிச் செய்தி, அதற்குப் பிறகு இன்னும் சில ஸ்கெட்சுகள், இரண்டாவது பாட்டு. எல்லாரும் சிரிப்பார்கள் என்று அவர்கள் நம்புவதை முன்னுக்கு வைப்பார்கள். ஒரு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வருகிற கடைசி ஸ்கெட்ச் பெரும்பாலும் வினோதமானது, எனக்குப் பல வாரங்களில் அதுதான் பிடிக்கும். எனவே ஒரு கொப்பியில் வரிசையை எழுதிக்கொண்டே போங்கள். நல்ல ஸ்கெட்ச் ஒன்றைக் கடைசிக்குத் தள்ளியிருக்கிறார்களா, சுமாரான ஒன்றை ஹோஸ்ட் பேசி முடித்த கையோடு போட்டிருக்கிறார்களா என்பது அந்த வரிசையில் தெரிந்துவிடும்.

அடுத்தது, இது எப்படி உருவாகிறது என்று தெரிந்துகொண்டு பேனையை எடுங்கள். திங்கட்கிழமை ஹோஸ்டோடு உட்கார்ந்து யோசனை சொல்வார்கள். செவ்வாய் இரவு விடிய விடிய எழுதுவார்கள். புதன்கிழமை நாற்பது ஸ்கெட்ச் பிரதி அளவில் மேசையைச் சுற்றியிருந்து வாசித்து, அதில் கொஞ்சத்தைத் தெரிவு செய்வார்கள். வியாழன், வெள்ளியில் செட் அடித்து ஒத்திகை. சனிக்கிழமை இரவு 8 மணிக்கு உண்மையான பார்வையாளர்களை வைத்து முழு ஒத்திகை, அது ஒளிபரப்பைவிட நீளம். அதில் சிரிப்பு வராததை வெட்டி, வரிசையை மாற்றி, 11.30க்கு நேரடியாக மேடை ஏறுவார்கள். நம்ம பக்கத்தில் ஒரு கூத்துக்குச் சட்டம் கொடுத்துப் பாத்திரங்களைப் பிரித்து, வாரந்தோறும் ஒத்திகையாகக் கிழமைக் கூத்து ஆடி, கடைசி முழு ஒத்திகையாக அடுக்குப் பார்த்து, அதன்பிறகுதான் அரங்கேற்றம், அதற்கு மாதக்கணக்கில் போகும். அவர்கள் அந்த முழுப் பாதையையும் ஆறு நாளில் ஓடுகிறார்கள், 1975 ஒக்டோபர் 11 முதல் இப்படித்தான்.

ஆகவே வாய் தடுமாறுவது, கதவு திறக்க மறுப்பது, கமெரா பிந்துவது போன்றவற்றைப் பெரிய குற்றமாக எழுதாதீர்கள். நடிகர்கள் கண்ணைப் பக்கவாட்டில் ஓடவிடுவதைப் பார்த்து 'வசனம் கூடப் பாடமில்லை' என்று பலர் எழுதுகிறார்கள். கடைசி நிமிடம் வரை வசனம் மாறிக்கொண்டே இருப்பதால், கையால் எழுதிய அட்டைகளைக் கமெராவுக்குப் பக்கத்தில் பிடித்திருப்பார்கள், அதைத்தான் வாசிக்கிறார்கள். அட்டையைப் பார்ப்பதால் எதிரே நிற்கிறவரோடு கதைக்கிற உணர்வு கெட்டுப்போனால் மட்டும் எழுதுங்கள். கறாராக இருக்க வேண்டிய இடம் வேறு: யோசனை புதிதா, அது வளர்ந்ததா, எப்படி முடித்தார்கள். யோசனை மோசமாக இருந்தால் அதற்கு நேரடி ஒளிபரப்பைக் காரணம் காட்ட முடியாது, அது செவ்வாய் இரவிலிருந்தே மோசம்.

வளர்வது என்றால் என்ன என்று ஒரு உதாரணத்தோடு பார்ப்போம். 2000 ஏப்ரலில் வந்த, இன்றைக்கும் எல்லாரும் பேசுகிற மாட்டுமணி ஸ்கெட்சை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு இசைக்குழு பாட்டுப் பதிவு செய்கிறது. நிகழ்ச்சியின் நடிகர் வில் ஃபெரல் வயிறு தெரிகிற இறுக்கமான சட்டையோடு நின்று மாட்டுமணியை அடிக்கிறார், மணிச்சத்தம் பாட்டையே விழுங்குகிறது, மற்றவர்களுக்கு எரிச்சல். இந்த இடத்தில் நாம் எதிர்பார்ப்பது, பெரிய தயாரிப்பாளர் வந்து மணியை நிறுத்தச் சொல்வார் என்று. அந்த வார ஹோஸ்ட் கிறிஸ்டோபர் வோக்கன் தயாரிப்பாளராக வருகிறார், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் இன்னும் கொஞ்சம் மணி வேண்டும் என்கிறார். அவ்வளவுதான் யோசனை. பிறகு ஒவ்வொரு சுற்றிலும் ஃபெரலுக்குத் துணிச்சல் கூடுகிறது, இடுப்பை ஆட்டிக்கொண்டு மற்றவர்கள் மேல் போய் இடிக்கிறார், வோக்கன் மட்டும் கடைசிவரை பயபக்தியோடு மணியையே கேட்கிறார். ஒரே யோசனைதான், படிப்படியாக ஏறுகிறது.

நீங்கள் பார்க்கிற ஒவ்வொரு ஸ்கெட்சுக்கும் இதைச் செய்யுங்கள். கொப்பியில் எங்கே நடக்கிறது, யார், இங்கே விசித்திரம் என்ன என்று ஒரு வரி. முதல் பெரிய சிரிப்பு வந்த நேரம். பிறகு அதே பகிடியைத் திரும்பச் சொல்ல ஆரம்பித்த நேரம், அதை வட்டம் போட்டு வையுங்கள், ஏனென்றால் உங்கள் விமர்சனத்தின் முதுகெலும்பு அதுதான். 'நீளமாகப் போய்விட்டது' என்று எழுதுவதைவிட, 'மூன்றாவது வாடிக்கையாளர் உள்ளே வந்தபோதே அவர் என்ன சொல்லப் போகிறார் என்று தெரிந்துவிட்டது, அதற்குப் பிறகும் இரண்டு பேரை அனுப்பினார்கள்' என்று எழுதினால் பார்க்காதவருக்கும் விளங்கும். முதல் தடவை சும்மா சிரித்துப் பாருங்கள், குறிப்பெல்லாம் இரண்டாவது தடவைக்கு.

நடிகர்கள் சிரித்துவிடுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாட்டுமணியில் இசைக்குழுவில் ஒருவராக நடித்த ஜிம்மி ஃபலன் அடக்க முடியாமல் சிரிப்பது தெரியும். 2004இல் ரேச்சல் டிராச் எல்லா நல்ல பேச்சையும் துக்கச் செய்தியால் கெடுக்கிற பெண்ணாக வந்த முதல் ஸ்கெட்சில் அவரே சிரிப்பை அடக்க முடியாமல் உடைந்துபோகிறார், மேசையில் இருந்த மற்றவர்களும் சேர்ந்து உடைந்தார்கள், அதனாலேயே அது மறக்க முடியாததாகிவிட்டது. ஆனால் எல்லாச் சிரிப்பும் ஒன்றில்லை. சிரிப்பை அடக்கப் போராடுகிறாரா, கமெராவுக்குக் காட்டுகிறாரா என்று வாயோரத்தைப் பாருங்கள். போராடினால் பாராட்டுங்கள். காட்டினால் அதையும் எழுதுங்கள்.

முன்கூட்டியே எடுத்த குறும்படங்களை நேரடி ஸ்கெட்சோடு ஒரே தட்டில் வைக்காதீர்கள். அதில் வெட்டி ஒட்ட அவர்களுக்கு வசதி இருந்தது, அங்கே தாளம் பிசகினால் மன்னிக்கத் தேவையில்லை. பாட்டுக்கு ஒரு பந்தி போதும், நீங்கள் இசை தெரிந்தவராக இருந்தால் தவிர.

இனி நமக்கே உரிய கஷ்டம். தமிழில் வாசிக்கிறவருக்கு அமெரிக்க செனட்டர் ஒருவரின் பெயர் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தொடக்க ஸ்கெட்சையும் வீக்கெண்ட் அப்டேட்டையும் பற்றி எழுதும்போது, அந்த வாரம் அங்கே என்ன நடந்தது என்று பகிடிக்கு முன்னால் ஒரே வசனத்தில் சொல்லுங்கள். பகிடியைச் சொல்லிவிட்டு விளக்கம் கொடுத்தால் அது செத்துவிடும். எல்லாப் பகிடியையும் கொண்டுவர முயலவும் வேண்டாம். ஆங்கிலச் சொல்லிலேயே தொங்குகிற பகிடி தமிழுக்கு வராது, அதை விட்டுவிட்டு நிலைமையில் இருந்து பிறக்கிற ஒன்றை எடுத்து வடிவாகச் சொல்லுங்கள். எழுதியதை, நிகழ்ச்சி பார்க்காத ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள். கல்லடியில் இருக்கிற என் மச்சான் ஒருவர்தான் எனக்கு இந்த வேலையைச் செய்கிறார். "இதில பகிடி எங்க?" என்று அவர் கேட்கிற இடங்களை எல்லாம் திருப்பி எழுதுவேன்.

நம்மைப் போன்றவர்களின் ஆங்கில உச்சரிப்பை வைத்துப் பகிடி விட்டால் அதைப் பற்றி உங்களுக்கு என்ன தோன்றுகிறதோ அதை நேராக எழுதுங்கள். நியூயோர்க்கில் இருந்து எழுதுகிறவர் அதைக் கவனிக்காமலே கடந்து போகலாம். நீங்கள் கவனிப்பீர்கள், அது உங்கள் விமர்சனத்துக்கு மட்டும் உள்ள பலம்.

எழுதும்போது வரிசைப்படி ஒப்புவிக்காதீர்கள். அந்த எபிசோடில் உங்களை உலுக்கிய ஒன்றை, நல்லதோ கெட்டதோ, முதலில் எடுத்து நாலு பந்திக்கு விரிவாக எழுதுங்கள். ஹோஸ்ட் இறங்கி விளையாடினாரா, ஓரமாக நின்றாரா என்று ஒரு பந்தி. சுமாரான ஸ்கெட்சுகளுக்குத் தலா ஒரு வரி. புள்ளி போடுவது உங்கள் விருப்பம், நான் போடுவதில்லை, புள்ளியைப் பார்த்தவர் மிச்சத்தை வாசிக்க மாட்டார்.

ஞாயிறு பகல் இரண்டாவது தடவை பார்த்து, இரவு எழுதி, திங்கள் காலை ஒருமுறை திருத்திப் போட்டுவிடுங்கள். புதன்கிழமை அவர்கள் அடுத்த எபிசோடுக்கான நாற்பது பிரதிகளோடு மேசையில் உட்கார்ந்துவிடுவார்கள், வாசகரின் பேச்சும் அடுத்த ஹோஸ்டிடம் போய்விடும்.